தொடக்ககால விண்மீன் திரள்கள்: ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் தரவுகள் வெளிவந்தன. ‘இதுவரை கண்டதில் மிகத் தொலைவானது’ என்ற பட்டத்துக்குச் சில நாட்களிலேயே பல போட்டியாளர்கள் முளைத்துவிட்டார்கள். சில திரள்கள் நிலைத்தன, சில சரிந்தன. இந்தத் துறையைப் படிக்கத் தொடங்குபவர் சரிந்தவற்றின் கதையை முதலில் படிப்பது நல்லது. தவறுகள் எங்கே நுழைகின்றன என்பது அங்கேதான் தெரியும்.

மிகப் பெரிய தவறு, கணித்த செம்பெயர்ச்சியை அளந்த செம்பெயர்ச்சியாக எடுத்துக்கொள்வது. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் செம்பெயர்ச்சி. அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு நீண்டது என்பது கிடைக்கும். எண் கூடினால் திரள் இன்னும் தொலைவானது, இன்னும் பழைய காலத்தது. நிறமாலை எடுத்து அதிலுள்ள வரிகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அது அளவீடு. அதற்குத் தொலைநோக்கி நேரம் நிறைய வேண்டும். ஆகவே முதலில், குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விடும் பல வடிகட்டிகளில் படமெடுத்து, எந்த வடிகட்டியில் திரள் காணாமல் போகிறது என்பதை வைத்துக் கணிக்கிறார்கள். இதற்கு அடிப்படை எளிது. தொடக்ககாலப் பிரபஞ்சத்தில் நிறைந்திருந்த நடுநிலை ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. செம்பெயர்ச்சி 14 என்றால் இந்த வெட்டு 15 மடங்கு நீண்டு, 1.82 மைக்ரோமீட்டரில் வந்து விழும். அதற்குக் கீழே படத்தில் வெறும் இருட்டு.

சிக்கல் என்னவென்றால், ஓரளவு வயதான விண்மீன்கள் கொண்ட திரள்களின் ஒளியில் 364.6 நானோமீட்டரிலும் ஒரு சரிவு உண்டு. பால்மர் முறிவு என்று அதற்குப் பெயர். செம்பெயர்ச்சி 4-இல் அது 5 மடங்கு நீளும். பெருக்கிப் பாருங்கள்: அதே 1.82 மைக்ரோமீட்டர்! பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாதபோது இருந்த ஒரு திரளும், 150 கோடி வயதானபோது இருந்த வேறொரு திரளும் ஒரே இடத்தில் மறைகின்றன. நம் விண்மீன் மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் மங்கலான பழுப்புக் குள்ளன்கள்கூட (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத பொருள்கள்) சில சமயம் இந்த வேடத்தில் வந்து ஏமாற்றும்.

சீர்ஸ்-93316 என்ற திரளுக்கு நடந்தது இதன் உறவினர்தான். 2022-இல் அதன் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 16.4 என்று கணிக்கப்பட்டது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 24 கோடி ஆண்டுகளில் இவ்வளவு பிரகாசமா என்று பலர் வியந்தார்கள். ஒரு குழு மட்டும் அதன் அண்டைத் திரள்களைக் கவனித்தது. வானில் அதை ஒட்டித் தெரிந்தவை 5-க்கு அருகிலான செம்பெயர்ச்சியில் இருந்தன. இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று அந்தக் குழு எச்சரித்தது. 2023-இல் நிறமாலை வந்தது. விடை 4.9. தூசு ஒளியைச் சிவப்பாக்கியிருந்தது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் உமிழ்ந்த வலுவான வரிகள், துரதிர்ஷ்டவசமாக, சரியான வடிகட்டிகளில் போய் விழுந்து ஒளியைக் கூட்டிக் காட்டியிருந்தன. அந்த வரிகளைக் குறைத்து மதிப்பிட்டு மாதிரி அமைத்தால் யாராக இருந்தாலும் 16 என்றுதான் எண்ணியிருப்பார்கள். ஆகவே ஒரு கட்டுரையில் செம்பெயர்ச்சி எண்ணைப் பார்த்ததும், அது படத்திலிருந்து வந்ததா, நிறமாலையிலிருந்து வந்ததா என்று தேடுங்கள். படத்திலிருந்து வந்ததென்றால், குறைந்த செம்பெயர்ச்சி என்ற இரண்டாவது விடைக்கு எவ்வளவு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்த வாய்ப்பைக் காட்டும் வரைபடத்தைப் பின்னிணைப்பில் ஒளித்துவைக்கும் கட்டுரைகளை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

நிறமாலை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும் முழு உண்மை அல்ல. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற திரளின் நிறமாலையில் ஒளி வெட்டப்படும் இடத்தை வைத்து 2024-இல் 14.32 என்றார்கள். பிறகு சிலியிலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கி அதே திரளில் ஆக்சிஜன் வரியைக் கண்டபோது விடை 14.18 ஆனது. வரியை வைத்து அளப்பது வெட்டை வைத்து அளப்பதைவிடத் துல்லியமானது. ஹபிள் காலத்தில் 11.09 என்றிருந்த ஜிஎன்-இசட்11, வெப் பார்த்த பிறகு 10.60-க்கு இறங்கியதும் இதே காரணத்தால்தான்.

தொலைவைப் பற்றி ஒரு வரி போதும்: ஒளி 1,350 கோடி ஆண்டுகள் பயணித்தது என்றால் அந்தத் திரள் இன்று 1,350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று எழுதாதீர்கள். இடையில் பிரபஞ்சம் விரிந்துவிட்டது. இன்றைய தொலைவு 3,300 கோடி ஒளியாண்டுக்கும் மேல்.

அடுத்த பெரிய பள்ளம் நிறை. 2023 தொடக்கத்தில் வெளிவந்த ஓர் ஆய்வு, பெருவெடிப்புக்குப் பின் 70 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே 1,000 கோடி சூரிய நிறையைத் தாண்டிய ஆறு திரள்கள் இருக்கலாம் என்றது. அவற்றில் ஒன்று 10,000 கோடியைத் தொடலாம் என்றும் சொன்னது. ‘பெருவெடிப்புக் கோட்பாடு பொய்த்தது’ என்று தலைப்புகள் பறந்தன. ஆய்வாளர்கள் அவற்றை ‘வாய்ப்புள்ளவை’ என்று மட்டுமே சொல்லியிருந்ததைத் தலைப்பு எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு திரளின் நிறையை யாரும் எடைபோடுவதில்லை. ஒளியை அளக்கிறோம், மற்றதெல்லாம் அனுமானம். எத்தனை சிறிய விண்மீன்களுக்கு ஒரு பெரிய விண்மீன் பிறக்கும் என்ற விகிதத்தை மாற்றினாலே நிறை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை மாறும். அந்த விகிதத்தை நாம் நம் அண்டைப் பகுதியில் பார்த்துக் கடன் வாங்கியிருக்கிறோம். இளம், சூடான விண்மீன்களின் ஒளி, பகல் வெளிச்சம் விண்மீன்களை மறைப்பதுபோல, பழையவற்றை மறைத்துவிடும். அப்போது நிறை குறைவாகத் தெரியும். மறுபுறம், ஒளியின் ஒரு பகுதி விண்மீன்களிலிருந்தே வராமல் இருக்கலாம். அந்த ஆய்வின் பட்டியலில் செம்பெயர்ச்சி 8-க்கு மேல் என்று கணிக்கப்பட்ட ஒன்று, நிறமாலையில் 5.6 என்று தெரிந்தது. அகன்ற ஹைட்ரஜன் வரியோடு, வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு கருந்துளையும் உள்ளே இருந்தது. கருந்துளையின் ஒளியை விண்மீன்களின் கணக்கில் எழுதினால் நிறை வீங்காமல் என்ன செய்யும்? இதைச் சொல்வதால் தொடக்ககாலத் திரள்களில் புதிர் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. செம்பெயர்ச்சி 10-க்கு அப்பால் பிரகாசமான திரள்கள் பழைய கணிப்புகளைவிட அதிகம் என்பது நிறமாலைகளாலும் உறுதியாகியிருக்கிறது. அவற்றின் பிரகாசம் அவதானிப்பு, நிறை நம் விளக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

வடிவத்திலும் இந்தக் கவனம் வேண்டும். விரியும் பிரபஞ்சத்தில் ஒரு பொருளின் பரப்புப் பிரகாசம், செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி அதன் நான்காம் படிக்கு மங்கும். செம்பெயர்ச்சி 9-இல் அது 10,000 மடங்கு. மங்கலான வெளிப்பகுதி முதலில் மறைந்து, நடுக்கரு மட்டும் மிஞ்சும். ‘அந்தக் காலத்துத் திரள்கள் மிகச் சிறியவை’ என்று எழுதுமுன், வெளிப்பகுதி இருந்திருந்தால் அந்தப் படத்தில் தெரிந்திருக்குமா என்று சோதித்துப் பார்ப்பதே முறை. அவை சிறியவை என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தாலும் சரி.

பரிணாமம் என்ற பேச்சில் இன்னொரு வழுக்கல். செம்பெயர்ச்சி 10-இல் ஒரு திரளையும் 6-இல் வேறொன்றையும் வைத்து ‘இது வளர்ந்து அதுவானது’ என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் பார்ப்பது வெவ்வேறு திரள்கள். 10-இல் கண்ணில் பட்டது அப்போது விண்மீன்களை வெடிப்பாகப் பிறப்பித்துக்கொண்டிருந்த ஒன்றாக இருக்கலாம். சில கோடி ஆண்டுகள் கழித்துப் பார்த்திருந்தால் அது நம் பட்டியலிலேயே வந்திருக்காது. தொகுதிக்குத் தொகுதி, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை ஒப்பிட வேண்டும். கணினி உருவகப்படுத்தல்களிலும், நம் பட்டியலில் எது சேரும் என்ற அதே தேர்வு விதியைப் பூட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணிக்கையும் எங்கே எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. ஹபிள் நெடுநேரம் உற்றுப் பார்த்த ‘மீ ஆழ் புலம்’ என்ற வானப் பகுதி சுமார் 11 சதுரக் கலைநிமிடம் மட்டுமே (ஒரு கலைநிமிடம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு). முழு நிலவின் வட்டில் அதைப்போல அறுபதுக்கும் மேல் வைக்கலாம். திரள்கள் கொத்துக் கொத்தாகக் கூடுவதால், அப்படி ஒரு சிறு சாளரம் கொத்தின்மேல் விழுந்தால் எண்ணிக்கை ஏறும், வெற்றிடத்தின்மேல் விழுந்தால் இறங்கும். பெரும்பாலும் எண்ணியதில் வரும் புள்ளியியல் பிழையை மட்டும் போட்டுவிட்டு இந்தப் பிழையை விட்டுவிடுகிறார்கள். வெப்பின் காஸ்மோஸ்-வெப் ஆய்வு ஆழத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அரைச் சதுரப் பாகைக்குச் சற்று அதிகமான பரப்பைப் படமெடுத்தது. அரிதான, பிரகாசமான திரள்களின் எண்ணிக்கைக்கு அத்தகைய அகன்ற ஆய்வுகளையும், மங்கலானவற்றுக்கு ஜேட்ஸ் போன்ற ஆழமான ஆய்வுகளையும் பாருங்கள்.