மறைந்துபோன சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

பழைய தொகுதியைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் எம்.எல்.ஏ.க்களின் பெயர்ப்பட்டியலில் ஆரம்பிக்கிறார்கள். சறுக்கலும் அங்கேதான் ஆரம்பம். முதலில் எல்லையைப் பிடியுங்கள். பெயர் அப்படியே இருக்க, எல்லை மாறினால் வாக்காளர்களே வேறு ஆட்கள்.

தமிழ்நாட்டில் 1957-க்குப் பிறகு நான்கு இடங்களில் கோடு கிழித்துக்கொள்ளலாம். 1957-ல் 205 இடங்கள், 1962-ல் 206, 1967-ல் 234. 1977-ல் எண்ணிக்கை அதே 234தான், ஆனால் வரைபடம் புதிது. அந்த வரைபடத்தில் 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 என்று எட்டுப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. 2008-ன் மறுவரையறை ஆணை (தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுக்கும் ஆணை) அதை மாற்றியது. உங்கள் அட்டவணையில் இந்தக் கோடுகளைத் தடித்த வரியாகப் போடுங்கள். கோட்டைத் தாண்டி வாக்கு வித்தியாசத்தை ஒப்பிடாதீர்கள். தொகுதி எண்ணை மட்டும் வைத்துத் தேடவும் வேண்டாம், ஒவ்வொரு மறுவரையறையிலும் எண்கள் புரண்டுவிடும்.

எல்லை விவரம் மறுவரையறை ஆணையில் கிடைக்கும். தாலுகா முழுதுமா, பகுதியா, பகுதி என்றால் எந்தெந்தக் கிராமங்கள், பேரூராட்சிகள் என்று அதில் இருக்கும். கிராமப் பெயர்களை ஆணையில் உள்ளபடியே எழுதிக்கொண்டு, இன்றைய வழக்கைப் பக்கத்தில் குறியுங்கள். சேரன்மகாதேவி, சேரன்மாதேவி இரண்டும் ஒரே ஊருக்குப் புழக்கத்தில் உள்ளவை. ஒன்றை மட்டும் தேடினால் பாதித் தகவல் கைநழுவும்.

அடுத்து முடிவுகள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் உண்டு. தேர்தலுக்கு ஒரு வரி: ஆண்டு, மொத்த வாக்காளர்கள், பதிவான வாக்குகள், செல்லுபடியானவை, வென்றவர், இரண்டாம் இடம், வித்தியாசம். வேட்பாளரின் சதவீதத்தைச் செல்லுபடியான வாக்குகளில் கணக்கிடுங்கள், வாக்குப்பதிவு சதவீதத்தை மொத்த வாக்காளர்களில். இரண்டையும் குழப்பிய அட்டவணைகள் நிறையவே உலவுகின்றன.

1952, 1957-ஐத் தொடும்போது நிதானம் வேண்டும். அன்று இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957-ல் 167 தொகுதிகளில் 38 அப்படிப்பட்டவை. அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. பதிவான வாக்கு, வாக்காளர் எண்ணிக்கையைவிட அதிகமாகத் தெரிந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். வென்றவர் வரிசையில் இரண்டு பெயர் வரவேண்டும். 1961-ன் சட்டம் இந்த முறையை ஒழித்தது.

பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. அதைத் தனியாகத் தேடவேண்டும். இளையான்குடி நல்ல பாடம். 2008 ஆணையில் அந்தத் தொகுதி இல்லை. ஆனாலும் 2009 ஆகஸ்டில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. காரணம், அந்தச் சட்டமன்றம் முடியும்வரை பழைய எல்லைதான் செல்லும். அதே 2009-ல் மக்களவைத் தேர்தலோ புதிய எல்லையில் நடந்தது. ஆகவே '2008-ல் மறைந்தது' என்று எழுதுவது தவறு. கடைசிப் பொதுத்தேர்தல் 2006, புதிய எல்லையில் முதல் சட்டமன்றத் தேர்தல் 2011 என்று பிரித்தெழுதுங்கள்.

கட்சிக் கட்டத்தில் தேர்தல் நாளின் கட்சியை மட்டும் போடுங்கள், பிந்தைய மாற்றம் குறிப்பில் வரட்டும். பரங்கிமலையில் 1967, 1971 இரண்டிலும் எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளராக வென்றார். 1972 அக்டோபரில் அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கினார் என்பதற்காக 1971 வரியைத் திருத்தக்கூடாது. 1977 பட்டியலில் பரங்கிமலை என்ற பெயரே இல்லை. சேரன்மகாதேவியில் பி.எச். பாண்டியன் 1977, 1980, 1984, 1989 நான்கிலும் வென்றார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கட்சி, அ.தி.மு.க. ஆனால் 1989-ல் கட்சி பிளந்து இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது, அவர் ஜானகி அணியில் நின்றார். அந்த வரியில் அணியின் பெயரும் இரட்டைப் புறா சின்னமும் இல்லாவிட்டால் அந்த வெற்றியின் கனம் தெரியாது. தமிழகம் முழுக்க அந்த அணிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள்.

வழக்குகளையும் பாருங்கள். சேரன்மகாதேவியில் 2006-ல் வேல்துரை வென்றதை, வேட்புமனு நாளில் அவரது அரசு ஒப்பந்தம் நடப்பில் இருந்தது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் செல்லாததாக்கியது. தேர்தல் அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அந்தத் தொகுதியின் கடைசி வரிக்கு இது கட்டாயம் அடிக்குறிப்பு.

இடைவெளிகளை நிரப்ப, சட்டமன்ற 'யார் எவர்' தொகுப்புகள் (உறுப்பினர் விவர நூல்கள்), எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தின் பழைய நாளிதழ்கள். செய்தித்தாளின் எண்ணை ஆணைய அறிக்கையோடு ஒத்துப்பாருங்கள். மறுநாள் காலை அச்சான எண் முன்னணி நிலவரமாகவும் இருக்கலாம்.

கடைசியாக, பழைய ஆணையின் கிராமப் பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்து ஊர் ஊராகப் பொருத்துங்கள். பழைய சாத்தான்குளம் தொகுதியின் தலைமை ஊர் இன்று ஸ்ரீவைகுண்டம் தொகுதியில், சேரன்மகாதேவி ஊர் அம்பாசமுத்திரத்தில். தலைமை ஊர் போன இடத்துக்கே எல்லாக் கிராமங்களும் போயிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பொருந்தாத கிராமம் மிஞ்சினால் பெயர் மாறியிருக்கிறதா, பேரூராட்சியில் சேர்ந்ததா, வேறு தாலுகாவுக்குப் போனதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.