சிக்கலான செஸ் எண்ட்கேமை (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தை) எஞ்சினை வைத்து அலசுவது எப்படி?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒருநாள் ரேபிட் (குறைந்த நேர) செஸ் போட்டி முடிந்து பஸ் ஏறியதுமே பிள்ளைகள் போனை எடுத்து, தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பகுதியை எஞ்சினில் (நிலையைக் கணிக்கும் செஸ் மென்பொருளில்) போட்டுவிடுவார்கள். 0.00, அதாவது சமநிலை, என்று வரும். "டிரா பண்ணியிருக்கலாம் சார்" என்று சொல்லி மூடிவிடுவார்கள். எந்தக் காய் எங்கே நின்றால் டிரா, எது ஒரு கட்டம் தள்ளி நின்றால் தோல்வி என்று தெரியாதவரை அந்த 0.00 அடுத்த ஆட்டத்துக்கு உதவாது. பூவனூர் சதுரங்க வல்லபநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போனாலும் இதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் வேலை, நிலையைச் சரியாக மீட்டெடுப்பது. ரேபிட் ஆட்டத்தில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கலிலும் கடிகாரத்தில் 5 நிமிடத்துக்குக் கீழே போய், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் நேரமும் இல்லாவிட்டால் எழுதுவதை நிறுத்தலாம். அதாவது சிக்கல் வரும் இடத்தில்தான் தாள் காலியாக இருக்கும். ஆகவே முடிவைக் கையெழுத்துப் போட்டதும் எதிராளியைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்கு வெளியே உட்கார்ந்து நிலையை அடுக்குங்கள். ஆடும் இடத்தில் போன் கூடாது. பென்சிலும் பேப்பரும் போதும். மூன்றைக் குறியுங்கள்: காய்கள் நின்ற கட்டங்கள், அடுத்த நகர்வு யாருடையது, கடைசியாகக் காய் வெட்டியோ சிப்பாய் நகர்ந்தோ எத்தனை நகர்வு ஆகியிருந்தது.

இரண்டாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். போர்டு எடிட்டரில் காய்களை வைத்துவிட்டு, 'வெள்ளை ஆட வேண்டும்' என்று தானாக இருப்பதை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4; கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5 என்று வைத்துப் பாருங்கள். யார் ஆட வேண்டுமோ அவர் தன் சிப்பாயைக் கைவிட்டுத் தோற்பார். முறையை மாற்றிப் போட்டால் தீர்ப்பே தலைகீழ்.

எஞ்சினை உடனே ஓடவிடாதீர்கள். கால் மணி நேரம் பலகையில் காய்களை நகர்த்தி, "வெள்ளை இதைச் செய்யப் பார்க்கிறது, கறுப்பு இப்படித் தடுக்கும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதி வைத்தது தப்பாகப் போனால்தான் எஞ்சின் எதையாவது கற்றுத்தரும்.

பிறகு காய்களை எண்ணுங்கள், ராஜாக்களையும் சேர்த்து. ஏழும் அதற்குக் கீழும் என்றால் எஞ்சினை விட டேபிள்பேஸ் (குறைந்த காய் நிலைகளுக்கான விடைத் தொகுப்பு) மேல். அது கணிப்பு சொல்வதில்லை. முழுக்கக் கணக்கிட்டு முடித்த விடையைத் தருகிறது. லிசெஸ் இணையதளத்தின் அனாலிசிஸ் போர்டில் புத்தகப் படத்தைத் தட்டினால் ஒவ்வொரு நகர்வுக்கும் வெற்றி, டிரா, தோல்வி என்று பட்டியல் வரும். சிக்னல் சரியாக வராத ஊர்களுக்கு, சிஸிஜி என்ற டேபிள்பேஸின் ஐந்து காய் வரையிலான தொகுப்பை (சுமார் 1 ஜிபி) போனிலேயே இறக்கி டிராய்டுஃபிஷ் செயலியில் இணைத்துக்கொள்ளலாம். ஆறு காய்க்கு 150 ஜிபி அளவுக்கு வேண்டும். ஏழு காய்க்கு டெராபைட் கணக்கில் போகும். அவற்றை இணையத்தில் கேட்பதே நல்லது.

இப்போது ஒரு நிலையை முழுதாக அலசுவோம். வெள்ளை: ராஜா சி5, யானை ஏ8, சிப்பாய் ஏ6. கறுப்பு: ராஜா ஜி7, யானை எஃப்6. வெள்ளை ஆட வேண்டும். 1924இல் வெளியான வான்சூரா நிலையின் (யானை பக்கவாட்டிலிருந்து சிப்பாயைத் தாக்கி டிரா செய்யும் தற்காப்பின்) வகை இது. மொத்தம் ஐந்து காய். டேபிள்பேஸ் டிரா என்கிறது. ஏன் என்று கேட்க ஒரே வழி, ஒரு காயை ஒரு கட்டம் மட்டும் தள்ளிவைத்து மறுபடி கேட்பது.

கறுப்பு ராஜாவை எஃப்7க்கு மாற்றுங்கள். உடனே வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை சிப்பாயை ஏ7க்குத் தள்ளுகிறது. கறுப்பு யானை ஏ6க்கு வந்து பின்னாலிருந்து பிடிக்கிறது. வெள்ளை யானை எச்8க்குப் போகிறது. சிப்பாய் ராணியாகப் போகிறதே என்று கறுப்பு ஏ7இல் வெட்டினால், எச்7இல் செக். ராஜா விலக, பின்னால் நிற்கும் யானை போய்விடும். ராஜா ஜி7இல் இருந்தால் இந்த வித்தை நடக்காது, ஏனென்றால் எச்8, எச்7 கட்டங்கள் இரண்டும் ராஜாவின் கையில். இனி ராஜாவை எச்7, ஜி6, எஃப்8 என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேளுங்கள். பத்து நிமிடத்தில், பாதுகாப்பான கட்டங்களின் வரைபடம் கிடைத்துவிடும்.

அடுத்து யானை. மூல நிலைக்குத் திரும்பி, வெள்ளை ராஜாவை பி5க்கு நகர்த்துங்கள். இப்போது சிப்பாய்க்கு ராஜா காவல். ஏ8இல் மாட்டியிருந்த யானைக்கு விடுதலை. அதனால் கறுப்பு உடனே எஃப்5இல் செக் கொடுக்க வேண்டும். ராஜா சிப்பாயை விட்டு விலகியதும் யானை எஃப்6க்குத் திரும்பிப் பக்கவாட்டில் தாக்கும். பட்டியலில் எத்தனை நகர்வு டிராவைக் காக்கிறது என்று எண்ணுங்கள். பல இருந்தால் அந்த இடத்தில் பயப்பட வேண்டாம்; ஒன்றோ இரண்டோ என்றால் மனப்பாடம் செய்ய வேண்டிய இடம் அதுதான்.

டேபிள்பேஸ் முதலில் காட்டும் நகர்வை அப்படியே பின்பற்றுவதும் சரியல்ல. சிஸிஜி எண்ணுவது மேட் வரை அல்ல, அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரை. அதனால் ஜெயிக்கும் பக்கத்துக்கு, மனிதர் யாரும் ஆடாத முறையில் காயைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லும். வெற்றியைக் கெடுக்காத நகர்வுகளில் எளிதானதை நீங்களே தேர்ந்தெடுங்கள். 50 நகர்வு விதியால் டிராவாகிவிடும் வெற்றிகளை அது தனியாகக் குறிக்கும். மூன்றாவதாகக் குறித்த எண்ணிக்கையை எடிட்டரில் கொடுக்காவிட்டால் புதிதாக எண்ணத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏழு காய்க்கு மேல் போனால் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின்தான். மல்டி பிவியை (ஒரே நேரத்தில் காட்டும் வரிகளின் எண்ணிக்கையை) 3 அல்லது 4 ஆக வையுங்கள். ஒரே வரியைக் காட்டினால் இரண்டாவது நகர்வு ஏன் தோற்கிறது என்பது தெரியாது. எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும்: 2022 டிசம்பரில் வந்த 15.1 முதல் +1.00 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்று பொருளல்ல. எஞ்சினும் எஞ்சினும் மோதினால் ஜெயிக்கப் பாதி வாய்ப்பு என்று பொருள்.

அந்த எண் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் சொல்லும் வரியை 20 நகர்வு தள்ளிப் பாருங்கள். +1.8 அப்படியே +1.8ஆக இருந்து, காய்கள் முன்னும் பின்னும் அலைந்தால் எதிராளி கோட்டை (உடைக்க முடியாத தற்காப்பு) கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக, வெள்ளைக்கு எச் வரிசைச் சிப்பாயும் வெள்ளைக் கட்ட பிஷப்பும் இருந்து, எதிரி ராஜா எச்8இல் உட்கார்ந்துவிட்டால் வெற்றி இல்லை, ஏனென்றால் எச்8 கறுப்புக் கட்டம். பெரிய நிலையிலிருந்து காய்களை மாற்றி வெட்டிக்கொண்டே வந்து இந்த மாதிரி ஏழு காய் நிலைகளை எட்டும்போது நிறுத்தி, டேபிள்பேஸில் கேட்டு, விடையோடு பின்னோக்கி நடங்கள். எந்த மாற்றம் தவறு என்பது அப்போது தெரியும்.

நகர்ந்தாலே கெடும் நிலைகளிலும் ஒரு கண் வையுங்கள். தேடலைச் சுருக்க, 'ஒரு முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலைமை நல்லதா' என்று எஞ்சின் சோதிக்கும். நகராமல் இருப்பதே நல்லது என்ற இடத்தில் அந்தச் சோதனை ஏமாற்றும். ராஜாவும் சிப்பாயும் மட்டும் என்றால் ஸ்டாக்ஃபிஷ் இதைச் செய்வதில்லை. குதிரை, பிஷப் ஆட்டங்களில் கொஞ்சம் நேரம் கொடுத்து, முறையை மாற்றி இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

முடிந்ததும் கண்டதை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள்: "ஏ6 சிப்பாய்க்கு யானை ஆறாம் வரிசையில், ராஜா ஜி7 அல்லது எச்7, பி5க்கு ராஜா வந்தால் செக்." பிறகு எஞ்சினை வெள்ளைக்கு விட்டு, கறுப்பை நீங்கள் 5 நிமிடக் கடிகாரத்தில் ஆடுங்கள். தோற்ற நகர்வில் நிறுத்தி, டேபிள்பேஸைத் திறந்து, அந்த ஒரு காயை மட்டும் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள்.