பிரிட்டனில் வீடு பார்க்கும்போது ஹீட்டிங்கையும் விசாரியுங்கள்

பிரிட்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஹீட்டிங்கும் ஒன்று. இங்கே பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் இருக்கிறது. கார்பனைக் குறைக்க, அதற்குப் பதில் மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் பொருத்தச் சொல்கிறது அரசு. வேலையிடத்திலும் கோயிலிலும் உறவினர் வீட்டிலும் இதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். "இந்தக் குளிருக்கு அது தாங்காது" என்பது அடிக்கடி காதில் விழும். அந்தப் பேச்சை நம்பி நல்ல வீட்டைக் கைவிடாதீர்கள். இதைவிடக் கடுங்குளிர் அடிக்கும் நார்வேயிலும் பின்லாந்திலும் ஹீட் பம்ப் சர்வசாதாரணம்.

ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கைசுடாது, மிதமான சூட்டில் நீண்ட நேரம் ஓடும். தொட்டுப் பார்த்து, பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

அதே சமயம், தயங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. மின்சாரத்தின் யூனிட் விலை பல ஆண்டுகளாகவே கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. மூன்று மடங்கு வெப்பம் கிடைத்தாலும் பில் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கான அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. பொருத்தும் நிறுவனமே உங்களுக்காக விண்ணப்பிக்கும். ஆனாலும் சில ரேடியேட்டர்களை மாற்ற வேண்டிவரலாம், வெந்நீர்த் தொட்டிக்கு இடம் வேண்டும். சின்ன வீட்டில் அந்த இடம்தான் பெரிய தலைவலி.

இப்போதைய கேஸுக்குப் பதில் ஹைட்ரஜன் வரும், காத்திருங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தில் எல்ஸ்மியர் போர்ட் என்ற ஊரின் விட்பி பகுதியில் சுமார் 2,000 வீடுகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டில் சோதனையா என்று அங்கிருந்த பலர் கொதித்தெழ, 2023 ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டு முடிவை ஹைட்ரஜனுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. கேஸ் உள்ள வீடென்றால், ஆண்டுதோறும் செய்யவேண்டிய கேஸ் பாதுகாப்புச் சோதனையின் சான்றிதழை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த வீடானாலும் ஏ முதல் ஜி வரை தரம் போட்ட எரிசக்திச் சான்றிதழ் உண்டு; எஃப், ஜி என்றால் யோசியுங்கள்.

நம் வீடுகளில் கடைசித் தடை அடுப்பு. கேஸ் தீ இல்லாமல் தோசை வருமா என்ற கேள்வி. அடி தட்டையான இரும்புக் கல் இண்டக்‌ஷனில் நன்றாகவே சூடேறும். சாதாரண அலுமினிய, பித்தளைப் பாத்திரங்கள் ஏறாது. ஹீட்டிங்கை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டு அடுப்புக்காக மட்டும் கேஸை வைத்திருந்தால், அதற்கான தினசரி நிலைக்கட்டணத்தை ஆண்டு முழுக்கக் கட்டவேண்டும்.

வீடு வாங்குவதானால், விற்பவரிடம் போன ஜனவரி மாத பில்லைக் கேளுங்கள்.