புல்லுருவி பறிக்கும் முன் மரத்தைப் பாருங்கள்

மருந்துக்குப் புல்லுருவி எடுப்பவர்கள் அது எந்த மரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பச்சை இலை இருப்பதால் உணவை அது தானே தயாரித்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சு வேர் வழியாக மரத்திடமிருந்து இழுக்கும்போது அந்த மரத்தின் வேதிப்பொருட்களும் சேர்ந்தே உள்ளே வந்துவிடலாம். அரளியில் வளர்ந்த புல்லுருவியில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் என்ற வேதிப்பொருட்களையும், எட்டிமரத்தில் வளர்ந்த ஒட்டுண்ணியில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை.

அதனால் கிளையை வெட்டும்போது மரத்தின் இலை, பூவோடு ஒரு கொத்தையும் சேர்த்து எடுத்து, பையிலேயே மரத்தின் பெயர், இடம், தேதி எழுதிவிடுங்கள். மாமரத்துப் புல்லுருவியையும் புங்கமரத்துப் புல்லுருவியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அரளி, எட்டி இரண்டிலும் வளர்ந்ததைத் தொடவே வேண்டாம். காய வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்புவது ஆபத்து.

அப்புறம், கடையில் பொடியாக வாங்கினால் எந்த மரத்துப் புல்லுருவி என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். சரியான மரம் என்று உறுதியானாலும், சித்த மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.