‘ராப்ஸடி இன் ப்ளூ’: முதல்முறை ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய ‘ராப்ஸடி இன் ப்ளூ’வை முதல்முறையாக ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கப்போகும் ஓர் இளைஞரின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். விரல்களில் குறையே இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் ஆவதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் போய் விழுந்த அதே பள்ளத்தை நோக்கி அவரும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. பயிற்சி போதாமை, மேடை நடுக்கம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

எந்தப் பதிப்பு என்று கேட்காமல் போவது

இந்தப் படைப்புக்கு ஒரே ஒரு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பு) இல்லை. 1924-இல் பால் வைட்மேனின் ஜாஸ் குழுவுக்காக ஃபெர்டே குரோஃபே வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியது ஒன்று. சாக்ஸபோன், பாஞ்சோ எல்லாம் தூக்கலாகக் கேட்கும். பெரிய சிம்ஃபனி குழுவுக்காக அவரே விரித்து எழுதி 1942-இல் வெளிவந்தது இன்னொன்று. இதற்கு மேல், சில பகுதிகளை வெட்டிவிட்டு வாசிக்கும் வழக்கமும் நெடுநாளாக இருக்கிறது. நீங்கள் முழுசாகப் பாடம் பண்ணியிருப்பீர்கள். வயலின்காரர்களின் தாளில் அதே இடம் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கும். தனிக் கலைஞருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ஒத்திகைதான். அதில் அரை மணி நேரத்தை இதற்கே தொலைக்காதீர்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிளாரினெட்காரருக்குப் பாடம் எடுப்பது

வேண்டாம். படைப்பு கிளாரினெட்டில்தான் தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் அவருடையது.

கடென்ஸாவிலிருந்து வெளியே வரும் வழியை முடிவு செய்யாமல் விடுவது

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடென்ஸா என்றால் குழு நின்றுவிட, பியானோ தனியாக வாசிக்கும் பகுதி. இந்தப் படைப்பில் அப்படி நீண்ட பகுதிகள் நிறைய. ‘ஜாஸ்தானே, இங்கே நம் இஷ்டம்’ என்று ஆரம்பநிலைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மெதுவான அந்தப் புகழ்பெற்ற மெட்டு வருவதற்கு முன்னால் ஒரு தனிப்பகுதி இருக்கிறது. ஒத்திகையில் அதை அச்சில் உள்ளபடியே வாசித்தேன். கச்சேரியன்று கைதட்டலின் சூடு தலைக்கேற, சொந்தமாக நாலு பார் (தாளக் கட்டம்) சேர்த்தேன். சேர்த்த சரக்கும் மோசமில்லை. ஆனால் அதன் நடுவில், முடிவில் வரவேண்டிய சொற்றொடரின் சாயல் ஒன்று வந்துவிட்டது. நடத்துநர் அதைத்தான் அடையாளமாகக் குறித்து வைத்திருந்தார். கோல் உயர்ந்தது, தந்தி வாத்தியங்கள் ஈ மேஜரில் உள்ளே வந்துவிட்டன. நான் இன்னும் வேறொரு ஸ்வரக்கட்டில் உலாத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பார் நேரம்தான். இரண்டு ரயில் மோதுவதற்கு அது போதும்.

இதில் கொடுமை என்னவென்றால், சரியாக வாசித்த ஐம்பது அறுபது பேர்தான் தவறு செய்தவர்களாகத் தெரிந்தார்கள். இடைவேளையில் நடத்துநர் என்னைத் திட்டவில்லை. ஒரு பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்தக் குழு அதற்குப் பிறகு பல வருடம் என்னைக் கூப்பிடவே இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ‘கெர்ஷ்வினே முதல் கச்சேரியில் கற்பனையாக வாசித்தவர்தானே?’ உண்மைதான். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் அவர் பியானோ முன் உட்கார்ந்தபோது, தனிப்பகுதிகள் முழுவதும் தாளில் இல்லை. ஆனால் வைட்மேனுக்கான ஸ்கோரில் என்ன குறித்திருந்தார்கள் தெரியுமா? தலையசைப்புக்குக் காத்திரு என்று. உள்ளே என்ன வாசிப்பது என்பதைத் திறந்து விட்டவர்கள்கூட, வெளியே வரும் வாசலை முன்பே பேசி வைத்திருந்தார்கள். கதையின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதில்தான் எனக்குக் கோபம்.

தனி ஆவர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். மிருதங்கக்காரர் எங்கே வேண்டுமானாலும் போவார். ஆனால் கோர்வையை மூன்று முறை வைத்து எடுப்பில் கொண்டுவந்து நிறுத்தும்போது, பாடகர் பல்லவியை எடுக்கத் தடுமாறுவதில்லை. அந்தக் கோர்வையின் வேலையைக் கடென்ஸாவில் கடைசி மூன்று நான்கு பார்கள் செய்கின்றன. அவற்றை நடத்துநரின் சொத்து என்று எண்ணிக்கொள்ளுங்கள். அச்சில் உள்ள ஸ்வரங்களையே, ஒத்திகையில் வாசித்த அதே வேகத்தில் வாசியுங்கள். ஒத்திகையில் நேரம் குறைவாக இருந்தால், முழுப் படைப்பையும் ஒருமுறை ஓட்டுவதைவிட, ஒவ்வொரு தனிப்பகுதியின் கடைசி நான்கு பாரும் குழு நுழையும் முதல் இரண்டு பாருமாக எடுத்து வாசிப்பது மேல். கண்ணைக் கீபோர்டிலிருந்து எடுத்து இடப்பக்கம் பார்க்கும் அளவுக்கு அந்த இடம் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

‘இரண்டு பியானோவில் நண்பரோடு வாசித்துப் பார்த்தேன், நன்றாக வந்தது’ என்பார்கள். வரும். நண்பர் உங்களுக்காகக் காத்திருப்பார், நீங்கள் தடுக்கினால் தானும் சேர்ந்து தடுக்குவார். அந்தச் செல்லம் கெடுத்துவிடும். அடுத்த முறை அவரைக் கண்டிப்பாக எண்ணிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள்.

கெர்ஷ்வினுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை இது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோவிலும் ஜாஸின் வாசனை உண்டு. 1932-இல் பாரிஸில் மார்கரீத் லோங் வாசிக்க, ராவெலே நடத்தி அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதி முப்பது பாருக்கு மேல் பியானோவின் தனிமையில் தொடங்குகிறது. அங்கே கற்பனைக்கே இடமில்லை. ஆனால் இடக்கை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்துகொண்டே வந்தால், முடிவில் நுழையும் புல்லாங்குழல்காரருக்கு மூச்சுப் போதாது. வழி தவறுவது நீங்கள், திணறுவது அவர்.

எல்லாவற்றையும் ஸ்விங் ஆக்குவது

ஸ்விங் என்பது ஸ்வரங்களை நீட்டிக் குறுக்கி ஊஞ்சலாட்டும் ஜாஸ் நடை. 1924-இல் வைட்மேன் குழுவோடு கெர்ஷ்வின் பதிவு செய்த இசைத்தட்டைக் கேளுங்கள். தட்டின் இரண்டு பக்கத்தில் அடங்குவதற்காக நிறைய வெட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் அவர் கை என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். விறுவிறுப்பு, வறண்ட தொடுகை, குழைவே இல்லாத தாளம். நாம்தான் பிற்காலத்துத் தேனை அதன்மேல் ஊற்றுகிறோம்.

பித்தளை வாத்தியங்களோடு மல்லுக்கு நிற்பது

ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் முழங்கும்போது பியானோ ஜெயிக்காது. ஓங்கி அடித்தால் மணிக்கட்டு இறுகும், கடைசிப் பக்கங்களுக்குத் தெம்பு இருக்காது. இன்னொன்று: பின்வரிசைச் சத்தம் உங்கள் காதுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்ளப் பார்த்தால் நீங்களும் பிந்துவீர்கள். கோலைப் பாருங்கள்.

பெடல்

மேடையில், வீட்டில் வைப்பதில் பாதி போதும்.