பிரிக்கப்பட்ட லீக்குகளின் பேஸ்பால் கணக்குகளை ஒப்பிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் நிறுக்கும் கொட்டகையின் முன்னால்தான் நான் புள்ளிவிவரத்தின் முதல் பாடத்தைக் கற்றேன். இளமரங்கள் நின்ற சமதள நிரையில் வெட்டியவர் கொண்டுவந்த 20 கிலோவும், பட்டை தேய்ந்த முதிய மரங்கள் நின்ற மேட்டு நிரையில் வெட்டியவர் கொண்டுவந்த 20 கிலோவும் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். ஆனால் வாளியைச் சுமந்து வந்த எவரும் அவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்ததில்லை. "எந்த நிரை என்று முதலில் கேள்" என்று என் தாயார் சொல்வார். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடி, பிறகு அமெரிக்க பேஸ்பால் பதிவேடுகளைப் படிக்கத் தொடங்கியபோது, அந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்பது எனக்கு உடனே புரிந்தது.

கறுப்பின ஆட்டக்காரர்களை அமெரிக்காவின் பெரிய லீக்குகளான நேஷனல் லீக்கும் அமெரிக்கன் லீக்கும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920-இல் ரூப் ஃபாஸ்டர் கன்சாஸ் சிட்டியில் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அதையும் அதன்பின் வந்தவற்றையும் சேர்த்து, 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்பதாக மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2020 டிசம்பரில்தான் அறிவித்தது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகள் பொதுப் பதிவேட்டில் இணைந்தபோது, நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜோஷ் கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரியான (மட்டை பிடித்த முறைகளில், பந்தை அடித்துத் தளம் சேர்ந்த ஹிட்டுகளின் பங்கு) 0.372, பெரிய லீக்கின் டை காப்பின் 0.367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அன்று எழுந்த வாதங்களில் பெரும்பாலானவை நிரையைக் கேட்காமல் எடையை மட்டும் பார்த்தவர்களின் வாதங்கள் என்பது என் கருத்து.

ஒப்பிடத் தொடங்குமுன், எந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதை முடிவுசெய்யுங்கள். நீக்ரோ லீக் அணிகள் பிழைப்புக்காக ஊர் ஊராகச் சென்று, கிடைத்த அணியோடெல்லாம் காட்சி ஆட்டங்கள் ஆடின. கிப்சன் ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் அடித்தார் என்று பேஸ்பால் புகழ்மண்டபத்துப் பட்டயம் சொல்வது, லீக் ஆட்டங்களோடு அவற்றையும் சேர்த்துத்தான். லீக் ஆட்டங்களை மட்டும் எண்ணினால் அந்த எண்ணிக்கை 200-ஐ எட்டுவதில்லை. இரண்டும் உண்மையே என்றாலும், பெரிய லீக்கில் பேப் ரூத் அடித்த 714-க்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது இரண்டாவது மட்டுமே. அப்போதும் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்தையே எடுங்கள். ஏனெனில் 154 ஆட்டங்கள் கொண்ட பருவத்தையும் 60 முதல் 80 ஆட்டங்கள் கொண்ட பருவத்தையும் மொத்தத்தால் ஒப்பிடுவது, மழையால் பாதி நாள் வெட்டில்லாத மாதத்தை முழு மாதத்தோடு ஒப்பிடுவதாகும். குறுகிய பருவத்தை ஒதுக்கிவிடச் சொல்கிறவர்களுக்கு நான் 2020-ஐ நினைவூட்டுவேன். தொற்றுக்காலத்தில் 60 ஆட்டங்களோடு முடிந்த அந்தப் பருவத்தில் 0.364 சராசரியோடு டி.ஜே. லெமேஹியு வென்ற பேட்டிங் பட்டத்தை எவரும் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை.

அடுத்தது, முழு வேலையின் உயிர்நாடி: ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு நேராக ஒப்பிடாமல், அவரவர் ஆடிய லீக்கின் அந்த ஆண்டுச் சராசரியால் வகுக்க வேண்டும். பில் டெர்ரி 1930-இல் 0.401 அடித்தார், கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 1968-இல் 0.301 மட்டுமே அடித்தார். ஆனால் 1930-இல் நேஷனல் லீக் முழுவதன் சராசரி 0.303 ஆகவும், 1968-இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.230 ஆகவும் இருந்தன. வகுத்துப் பார்த்தால் டெர்ரிக்கு 1.32, யஸ்ட்ரெம்ஸ்கிக்கு 1.31 என்று வருகிறது. மலைபோல் தெரிந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்துபோகிறது. நீக்ரோ லீக்குகளுக்கும் இதையே செய்யுங்கள். அந்த ஆண்டு அணிகள் அனைத்தின் ஹிட்டுகளையும் கூட்டி, மட்டை பிடித்த மொத்த முறைகளால் வகுத்தால் லீக் சராசரி கிடைத்துவிடும். ஓர் எக்செல் தாள் போதும்.

குறைந்த ஆட்டங்கள் தரும் நிச்சயமின்மையையும் எண்ணோடு சேர்த்தே சுமக்க வேண்டும். சராசரியை, 1-இலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, மட்டை பிடித்த முறைகளால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.350 சராசரிக்கு, 250 முறை மட்டை பிடித்தவரிடம் இது 0.030 ஆகவும், 600 முறை பிடித்தவரிடம் 0.019 ஆகவும் வரும். இதன் இரு மடங்கு அளவுக்கு உண்மைத் திறன் மேலேயோ கீழேயோ இருக்கலாம். ஆகவே ஒரே பருவத்தை ஒப்பிடும்போது, லீக் சராசரியில் அடித்த 300 கற்பனை முறைகளை இருவர் கணக்கிலும் சேர்ப்பது என் வழக்கம். லீக் சராசரி 0.270 என்று வைத்துக்கொண்டால், 250 முறைகளில் 0.400 அடித்தவர் 0.329-க்கும், 600 முறைகளில் அதே 0.400 அடித்தவர் 0.357-க்கும் இறங்குவார்கள். 300 என்ற எண் என் தேர்வுதான். வேறு எண்ணை எடுத்தாலும் இருவருக்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

அக்கால நீக்ரோ லீக் கணக்குகள் பெரும்பாலும் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின இதழ்களின் ஆட்ட அட்டவணைகளிலிருந்து ஆய்வாளர்கள் பொறுக்கிச் சேர்த்தவை. பல அட்டவணைகளில் ஹிட் இருக்கும், நான்கு தவறான பந்துகளால் கிடைத்த நடை இருக்காது. இல்லாத பத்தியைச் சுழியம் என்று எண்ணிவிடாதீர்கள்.

லீக்குகளின் தரத்தை எடைபோடுவதே மிகக் கடினமானது. இரு பக்கமும் ஆடியவர்களே இதற்குச் சாட்சிகள். 1947-இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துப் பெரிய லீக்கின் புரூக்ளின் அணியில் இறங்கிய பின், 1949 முதல் 1959 வரை நேஷனல் லீக்கின் 11 சிறந்த ஆட்டக்காரர் விருதுகளில் 9, முன்பு நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்களுக்குச் சென்றன. எனினும் கடந்துசெல்ல அனுமதிக்கப்பட்டவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்பதால், இதை வைத்து லீக் முழுவதையும் உயர்த்திவிடக் கூடாது. மறுபுறம், நீக்ரோ லீக் பிட்சர் (பந்து வீச்சாளர்) சாச்சல் பேஜ் 1948-இல் பெரிய லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசியபோது அவருக்கு வயது 42; கிப்சனோ, ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். அவருடைய கடக்காத ஆண்டுகளை எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது என்பது, இந்தக் கணக்கைப் போடும் ஒவ்வொரு முறையும் என்னை வருத்துகிறது. நீக்ரோ லீக் எண்களை மட்டும் தள்ளுபடி செய்கிறவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: ரூத் தம் லீக் ஆட்டங்களில் பேஜைப் போன்ற ஒரு பிட்சரைக்கூட எதிர்கொள்ளவில்லையே, அந்தத் தள்ளுபடி எங்கே? இனப் பிரிவினைச் சுவர் இரு பக்க எண்களின் மதிப்பையும் குறைக்கிறது. தரத்துக்காகக் கழிப்பதானால் இரு பக்கமும் கழியுங்கள்.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். 2,000-க்குச் சற்று மேற்பட்ட முறைகள் மட்டை பிடித்த கிப்சனுக்கு 0.372, கூட்டல் கழித்தல் 0.02; 11,000-க்கும் மேற்பட்ட முறைகள் பிடித்த காப்புக்கு 0.367, கூட்டல் கழித்தல் 0.009 என்று எழுதி, பக்கத்துப் பத்தியில் அவரவர் லீக்கோடு வகுத்த விகிதத்தையும், அதற்கடுத்த பத்தியில் எந்த ஆட்டங்களை விட்டீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.