ரோலண்ட் கிர்க் மாதிரி மூச்சறாமல் ஊத

ஜாஸ் மேதை ரோலண்ட் கிர்க் பார்வையில்லாதவர்; ஒரே நேரத்தில் மூன்று சாக்ஸபோன் ஊதுவார். 1975இல் பக்கவாதம் வந்த பிறகும் ஒற்றைக் கையால் வாசித்தார், 1977இல் மறையும்வரை.

அவருடைய இடைவிடா மூச்சை, அதாவது ஊதுவதை நிறுத்தாமலே மூச்சிழுப்பதை, காங்கேயத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் நான் பசங்களுக்கு இப்படித்தான் பழக்குகிறேன். டம்ளரில் பாதித் தண்ணீர், ஒரு பப்பாளித் தண்டு. மெல்ல ஊதிக் குமிழி விடுங்கள். காற்று தீருமுன் கன்னத்தை உப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் கன்னத்துக் காற்றைப் பிதுக்கிக்கொண்டே மூக்கால் வெடுக்கென்று மூச்சிழுங்கள். குமிழி அறுந்தால் நுனிநாக்கைப் பார்க்காதீர்கள். அடிநாக்குதான் தொண்டையை அடைக்க வேண்டும். எனக்கே அது பிடிபட இரண்டு மாதமானது. தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள். குமிழி அறாமல் வந்த பிறகே சீவாளியை, அதாவது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டை, தொடுங்கள்.